கடிவாளம்

2019 செப்டம்பர் 27. கத்தாரின் தலைநகர் தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு தொடங்கியது. பகலில் ஓடவிட்டால் ஆபத்து என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெயில் போயிருந்தது, புழுக்கம் போகவில்லை. காற்றின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸை ஒட்டி. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கும் மேலே. 68 பேர் புறப்பட்டு, 40 பேர்தான் ஓட்டத்தை முடித்தார்கள். மற்ற 28 பேரில் சிலரைச் சக்கர நாற்காலியிலும் ஸ்ட்ரெச்சரிலும் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது.

வென்றவர் கென்யாவின் ரூத் செப்ங்கெட்டிச். எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. உலகத் தடகளப் போட்டி வரலாற்றில் மாரத்தான் தங்கம் வென்ற பெண்களிலேயே இதுதான் மிக மெதுவான ஓட்டம். இதே செப்ங்கெட்டிச் அதே வருடம் ஜனவரியில் துபாயில் 2 மணி 17 நிமிடம் 8 விநாடியில் ஓடியவர். எட்டே மாதத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எங்கே போனது? வெப்பம் அவரைத் தோற்கடித்துவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தை விட்டுக்கொடுத்ததால்தான் அவர் கடைசிவரை நின்றார். வெப்பத்துக்கு எதிராக மனித உடலிடம் உள்ள மிகப் பலமான தற்காப்பு வியர்வை என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். வியர்வைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. மெதுவாவது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். சமதளத்தில் ஓடும் ஒருவர் தம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவழிக்கிறார். 55 கிலோ எடையுள்ள வீராங்கனை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு ஆயிரம் கிலோகலோரி. தசை இதில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை. குறைந்தது 750, 800 கிலோகலோரி அங்கேயே வெப்பமாகிவிடுகிறது. அந்த உடம்பை ஒரு டிகிரி சூடாக்க 46 கிலோகலோரி போதும். அதாவது, உண்டாகும் வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், மூன்றரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். 37-இல் தொடங்கியவர் இருபது நிமிடம் ஆவதற்குள் 42-ஐத் தாண்டிவிடுவார். ஓடுகிறவரைப் பொறுத்தவரை சூரியன் இரண்டாவது அடுப்பு. முதல் அடுப்பு அவர் தொடையில் எரிகிறது.

எல்லா ஏற்றமும் ஆபத்தில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டென்மார்க்கின் மாரியஸ் நீல்சன் 1938-இல் காட்டியது இது: உழைக்கும்போது உடலின் உள்வெப்பம் உழைப்பின் அளவுக்கு ஏற்ப உயர்ந்து ஓர் இடத்தில் நின்றுகொள்கிறது, அறையின் குளிரோ சூடோ, கணிசமான எல்லைக்குள், அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. நன்றாக ஓடி முடித்தவருக்கு 38.5 இருந்தால் அது காய்ச்சல் ஆகாது. அந்த எல்லைக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதுதான் நம் கவலை.

உண்டான வெப்பம் வெளியேற வேண்டும். தோலைவிடக் காற்று குளிர்ந்திருந்தால் கொஞ்சம் நேராகவே காற்றுக்குப் போகும். ஆனால் தோலின் வெப்பமே 34, 35 என்றிருக்கும்போது காற்று 32-இல் நின்றால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 580 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. மிகப் பெரிய தொகைதான். ஆனால் ஆவியானால்தான் கணக்கில் வரும். சொட்டிய வியர்வைக்கும் துண்டால் துடைத்த வியர்வைக்கும் பைசா மதிப்பில்லை. உடம்புக்குத் தண்ணீரும் உப்பும் நஷ்டம், அவ்வளவுதான். சென்னையில் ஜூன் மாத மாலையில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்கும், உடம்பு ஆறியிருக்காது.

இதைச் சோதித்துக் காட்டியவர்களின் கதை வேடிக்கையானது. 1774-இல் லண்டனில் ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் ஒரு அறையைக் காய்ச்சினார். சார்லஸ் பிளாக்டன், ஜோசஃப் பேங்க்ஸ் உள்ளிட்ட ராயல் சொசைட்டி நண்பர்கள் உள்ளே போனார்கள். ஒரு கட்டத்தில் அறையின் வெப்பம் 260 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போனது. நம் கணக்கில் 127 செல்சியஸ். உடன் எடுத்துப்போன முட்டை இருபது நிமிடத்தில் கெட்டியாக வெந்தது. மாட்டிறைச்சித் துண்டு வெந்து காய்ந்தே போனது. மனிதர்கள் நடந்து வெளியே வந்தார்கள். காற்று உலர்ந்திருந்ததுதான் காரணம். பிளாக்டன் அதோடு நிற்கவில்லை. அந்த அறையிலேயே தண்ணீர் வைத்துப் பார்த்தார். கொதிநிலையைத் தாண்டிய சூட்டிலும் தண்ணீர் கொதிக்கவில்லை. ஆவியாகி ஆவியாகித் தன்னைத்தானே ஆற்றிக்கொண்டிருந்தது. மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டார். எண்ணெய்ப் படலம் மூடியதும் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

அந்த எண்ணெய்ச் சொட்டை 138 வருடம் கழித்து ஒரு மனிதர் தம் உடம்பில் பூசிக்கொண்டார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான். போர்ச்சுகலைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ, தச்சர். ஸ்வீடனுக்குப் பழக்கமில்லாத கடும் வெயில் அன்று. தோல் கருகாமல் இருக்க அவர் உடம்பு முழுக்கக் கொழுப்பு பூசிக்கொண்டார் என்று அப்போதைய செய்திகள் சொல்கின்றன. முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் விழுந்தார். மறுநாள் காலை இறந்தார். நவீன ஒலிம்பிக்கில் போட்டியின்போது வீழ்ந்து இறந்த முதல் வீரர் அவர்தான்.

வியர்வை வெறும் கடைசிப் படி. தொடையில் உண்டான வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ரத்தம். சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் இறைக்கிறது. பயிற்சி பெற்றவர் முழு மூச்சில் ஓடும்போது இருபது, இருபத்தைந்து லிட்டர். குளிர்காலமானால் இதில் பெரும்பகுதியும் தசைக்கே. ஆனால் வெப்பம் ஏறும்போது தோலும் பங்கு கேட்கிறது. வழக்கமாக அரை லிட்டருக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு சும்மா இருந்த தோல், கடும் வெப்பத்தில் நிமிடத்துக்கு ஏழு எட்டு லிட்டர்கூட இழுக்கும். தசைக்கும் கொடுக்க வேண்டும், தோலுக்கும் கொடுக்க வேண்டும். இருப்போ வியர்வையால் குறைந்துகொண்டே போகிறது, ஏனென்றால் வியர்வை என்பது கடைசியில் ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து கசிந்த தண்ணீர்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தில் நிரம்பும் ரத்தம் குறைய, இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. வேகத்தைக் கூட்டாமலே நாடித்துடிப்பு ஏறிக்கொண்டு போவதைக் கையில் கடிகாரம் கட்டி ஓடுகிறவர்கள் ஏப்ரல் மாதத்தில் பார்த்திருப்பார்கள்.

இந்த இழுபறியில் முதலில் பட்டினி கிடப்பவை குடலும் சிறுநீரகமும். குடலுக்குப் போகும் ரத்தம் நீண்ட நேரம் வற்றினால், அதன் உட்சுவர் இறுக்கம் தளர்ந்து, உள்ளே அடைந்துகிடந்த பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்தில் கசிகிறது. ஹீட் ஸ்ட்ரோக் வந்தவரின் நிலை பல சமயம் ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளியின் நிலையைப் போலவே இருப்பதற்கு இது ஒரு காரணம். சிறுநீரகத்தின் கதையைப் பிறகு பார்ப்போம்.

இப்போது கடிவாளத்துக்கு வரலாம்.

1999-இல் கோபன்ஹேகனில் ஹோசே கொன்சாலெஸ்-அலோன்சோவும் கூட்டாளிகளும் ஏழு தேர்ந்த சைக்கிள் வீரர்களை 40 டிகிரி அறையில் மிதிக்கவிட்டார்கள். வேகத்தைக் குறைக்க அனுமதி இல்லை. ஒரே பளு, முடியாது என்று சொல்லும்வரை. ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் மூன்று தடவை வந்தார்கள். முன்கூட்டியே நீரில் அமர்த்தி உள்வெப்பத்தை ஒரு நாள் 36-க்கு இறக்கியும், ஒரு நாள் 37-இல் வைத்தும், ஒரு நாள் 38-க்கு ஏற்றியும் தொடங்கினார்கள். குளிர்ந்து தொடங்கிய நாளில் 63 நிமிடம் தாங்கினார்கள். நடு நாளில் 46. சூடாகத் தொடங்கிய நாளில் வெறும் 28. ஆனால் கைவிட்ட கணத்தில் உள்வெப்பம் மூன்று நாளும் ஒன்றே: 40 டிகிரியும் கொஞ்சமும். தசையில் எரிபொருள் தீர்ந்துவிடவில்லை. ஏதோ ஒன்று, அந்த அளவில், போதும் என்றது.

ஐந்து வருடம் கழித்து கேப் டவுனில் ராஸ் டக்கரும் டிம் நோக்ஸும் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். 20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம். ஒரு நாள் 15 டிகிரி அறையில், ஒரு நாள் 35 டிகிரி அறையில். வேகம் அவரவர் விருப்பம். சூடான அறையில் வீரர்கள் வழியிலேயே மெதுவானார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: அவர்களுடைய உள்வெப்பம் இரண்டு நாளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. உடல் இன்னும் கொதிக்கவில்லை. மூளை அதற்குள்ளேயே தசைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிட்டது. மூளையில் இதற்கென்று ஒரு தனி ஆளுநர் இருக்கிறார் என்ற நோக்ஸின் கொள்கையை எல்லாரும் ஏற்கவில்லை. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் தோலில் படும் சூட்டை வைத்து, வரப்போவதை முன்னறிந்து, நமக்குத் தெரியாமலே நாம் நிதானிக்கிறோம் என்பதில் பெரிய தகராறு இல்லை. சோர்வு என்று நாம் திட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இழுப்புதான்.

அப்படியானால் ஹீட் ஸ்ட்ரோக் யாருக்கு வருகிறது? இழுப்பை மீறுகிறவர்களுக்கு. அல்லது மீற வேண்டிய இடத்தில் நிறுத்தப்பட்டவர்களுக்கு.

முதல் வகைக்கு ஜிம் பீட்டர்ஸ். 1954 ஆகஸ்டில் வான்கூவரில் நடந்த எம்பயர் விளையாட்டுகளில் மாரத்தான் ஓடினார். இரண்டாவதாக வந்தவரைவிடப் பதினேழு நிமிடம் முன்னால் ஸ்டேடியத்துக்குள் நுழைந்தார். அதற்குள் கால் அவர் சொன்னபடி கேட்கும் நிலையில் இல்லை. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். எல்லைக் கோட்டுக்குச் சற்று தூரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர் போட்டியில் ஓடவே இல்லை. பதினேழு நிமிடம்! நடந்துகூட வென்றிருக்கலாம் என்று இன்று உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. முன்னால் ஓடுகிறவருக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி என்று தெரியாது. தெரிந்தாலும் அந்தச் சூட்டில் மூளை அதைக் கணக்குப் போடும் நிலையில் இருந்திருக்காது.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் உடம்பு ஒரு பக்கம் கோணித் தள்ளாடியபடி ஸ்டேடியத்தைச் சுற்றிவந்தார். கடைசி 400 மீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. தொட்டால் தகுதிநீக்கம் என்பதால் மருத்துவர்களைக் கையசைத்து விலக்கினார். வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று அவர்களும் விட்டார்கள். அவர் பிழைத்தார், 37-ஆவதாக முடித்தார். ஆனால் அந்த அளவுகோல் நம்பத்தக்கதில்லை. தோல் காய்ந்துபோவது முதியவர்களுக்கு அடைபட்ட வீட்டில் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் அதிகம். உழைப்பால் வருவதில் உடம்பு நனைந்தபடியே 41, 42 டிகிரிக்குப் போகும். பேச்சு குழறுவதும், எரிச்சலும், இடம் தெரியாமல் விழிப்பதும்தான் உண்மையான அடையாளங்கள்.

தண்ணீர் குடிக்காததால்தான் இது வருகிறது என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃபால்மவுத் என்ற கடற்கரை ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு ஓட்டம் நடக்கும். வெறும் ஏழு மைல், 11 கிலோமீட்டர் சொச்சம். நல்ல வீரர்களுக்கு நாற்பது நிமிட வேலை. உடம்பு வறண்டுபோக அவகாசமே இல்லை. ஆனால் ஹீட் ஸ்ட்ரோக்குக்குப் பேர்போன ஓட்டம் அது. 1978-இல் ஆல்பர்ட்டோ சலசார் அங்கே 42 டிகிரியோடு சரிந்து, பனிக்கட்டித் தொட்டியில் கிடந்தபோது பாதிரியார் வந்து கடைசி ஜெபம் செய்துவிட்டுப் போனார். குறுகிய ஓட்டத்தில் வேகம் அதிகம், வேகத்தோடு வெப்பமும் அதிகம். மறுபக்கம், 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதில் பெரும்பங்கு ஆற அமர ஓடி, வழியெல்லாம் தேவைக்கு மேல் குடித்தவர்கள். தாகத்துக்குக் குடிப்பது போதும்.

சலசார் பிழைத்ததற்குக் காரணம் அந்தத் தொட்டி. கழுத்துவரை பனிநீரில் அமிழ்த்துவதைவிட வேகமான வழி கிடையாது. ஃபால்மவுத்தில் பதினெட்டு வருடங்களில் இப்படி அமிழ்த்தப்பட்ட 274 பேரும் உயிர் பிழைத்தார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். முதலில் ஆற்று, அப்புறம் ஆம்புலன்ஸில் ஏற்று என்பது அவர்கள் விதி. நம்மூரில் இது தலைகீழாக நடக்கிறது. கூட்டம் கூடி, ஷூவைக் கழற்றி, வாயில் சோடாவை ஊற்றி, ஆட்டோ தேடி அலையும் அரைமணி நேரம்தான் மூளையையும் ஈரலையும் தின்கிறது. தொட்டி இல்லாவிட்டால் குழாயடியும் வாளியும் நிழலும் போதும். நிற்காமல் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது வகை, மெதுவாக அனுமதி இல்லாதவர்கள். பந்தயத்தில் ஓடுகிறவர் நினைத்தால் நின்றுவிடலாம். தெற்குக் கரோலினாவின் பாரிஸ் தீவில் பயிற்சி பெறும் மரைன் படைச் சிப்பாய் அணிவகுப்பில் நிற்க முடியாது. 1950-களில் அங்கே கோடைதோறும் ஆட்கள் விழுந்தார்கள். கான்ஸ்டன்டைன் யாக்லூவும் டேவிட் மினார்டும் 1957-இல் அதற்காக ஓர் அளவைக் கொடுத்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீத எடை, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானிக்கு 20, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. டிவியில் சொல்லும் டிகிரி அந்தக் கடைசிப் பத்து சதவீதம் மட்டும்தான். அளவு ஏறினால் கொடி ஏறும், பயிற்சி குறையும், பிறகு நிற்கும். சிப்பாயின் உடலில் இருந்து பிடுங்கப்பட்ட கடிவாளத்தைக் கொடிக்கம்பத்தில் கட்டினார்கள் என்று சொல்லலாம்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வெப்பத்தில் உழைக்கிறவர்களை அளந்து பார்ப்பது இன்னும் முன்பே தொடங்கியது. பாறைத் தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளிப்பதால் ஆழத்தில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் முதல் நாட்களிலேயே செத்து விழுந்தார்கள். 1930-களில் டிரியோஸ்டி என்ற மருத்துவர் அவர்களைச் சூடான அறையில் பாறை அள்ளவிட்டு, முன்னும் பின்னும் உடல் வெப்பத்தை அளந்து, தாங்குகிறவர்களையும் பழக்க வேண்டியவர்களையும் பிரித்தார். கருணை என்பதைவிட ஆள் நஷ்டக் கணக்குதான் அதன் பின்னால் இருந்தது. ஆனாலும் வெப்பத்துக்கு உடல் பழகும் விதம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த அறைகளிலிருந்தும் அவற்றின் வாரிசுகளிலிருந்தும் வந்தது.

பழக்கம் என்பது மன உறுதி சம்பந்தப்பட்டதில்லை. தினம் ஒரு மணி, ஒன்றரை மணி சூட்டில் உழைத்தால் நான்கைந்து நாளில் பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. தசையும் தோலும் பங்கு போட்ட அந்த இருப்பு பெருகுகிறது. நாடித்துடிப்பு இறங்குகிறது. இரண்டு வாரத்துக்குள் வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதிகம் வருகிறது, அதில் உப்பு குறைகிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பைப் பிடித்துவைக்கிறது. சூட்டை விட்டு விலகினால் சில வாரங்களில் எல்லாம் கரைந்துவிடும். வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்பு நமக்கு, நமக்கென்ன என்பார்கள். வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை குழந்தைப்பருவத்தின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே, வளரும் ஊரைப் பொறுத்து, தீர்மானமாகிவிடுகிறது என்று ஜப்பானின் யாஸ் குனோ காட்டினார். ஆனால் சுரப்பி இருப்பது வேறு, பழகிய ரத்தம் இருப்பது வேறு. வருடம் முழுக்க ஏசி அறையில் இருந்துவிட்டு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போகிறவர் ஸ்வீடன்காரருக்குச் சமம். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் கணக்கில், வேலையிடத்து வெப்பச் சாவுகளில் ஏறக்குறைய பாதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே நேர்கின்றன; முதல் வாரத்துக்குள் 70 சதவீதத்துக்கு மேல்.

பழகியவர்களுக்கும் எல்லை உண்டு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைவிட வெயில் பழகியவர்கள் யார்? தலைக்கு மேலே சூரியன், காலுக்குக் கீழே வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பாத்தி, மரநிழல் என்பதே இல்லை. விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுவது அவர்களே கண்டுபிடித்த தற்காப்பு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 பேரைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப எல்லைக்கு மேலே உழைத்துக்கொண்டிருந்தார்கள். 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. இதற்கு யாரும் மயங்கி விழ வேண்டியதில்லை. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தத்தைக் குறைத்துத் தோலுக்குக் கொடுக்கும் அந்த ஏற்பாடு தினந்தோறும், வருடக்கணக்கில் நடந்தால் இதுதான் விலை. பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். உடலியல் பாடத்தில் வராத காரணம் இது. ஆனால் உடலுக்குள் செய்யும் வேலை அதேதான்.

மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இதே நோய் இன்னும் கொடூரமாகப் பரவியிருக்கிறது. எல் சல்வடாரிலும் நிகரகுவாவிலும் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறக்கிறார்கள். அங்கே கூலி, வெட்டிய டன்னுக்கு. உடல் பின்னால் இழுக்கும்போது வயிறு முன்னால் தள்ளுகிறது. எல் சல்வடாரில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள்: வயலுக்கே நகர்த்திக்கொண்டு போகக்கூடிய நிழற்பந்தல், முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, கட்டாய ஓய்வு, கைக்கு இசைவாகத் திருத்திய வெட்டுக்கத்தி. ஓய்வு கொடுத்தால் கரும்பு குறையும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டியது 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக ஏறியது. எல்லாவற்றையும் ஒன்றாகவே கொடுத்துவிட்டதால், இதில் கத்தியின் பங்கு எவ்வளவு, நிழலின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வில் பிரித்துப் பார்க்க வழியில்லை.